லாபம், ரெண்டு, மூணு

“ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க தாத்தா.”

டாக்டருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். கட்டில் ஓரத்தில் நின்று, குழந்தையிடம் கேட்பது போலத்தான் கேட்டார். அப்பாவுக்கு அப்போது 91. குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நினைவு தடுமாறுகிறதா என்று பார்க்கிறார்கள்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாக ஆரம்பித்தார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு...”

டாக்டர் நிறுத்தினார். “தாத்தா, ஒண்ணுல இருந்து.”

“அதான் எண்ணுறேன். லாபம், ரெண்டு, மூணு...”

மூன்றாவது முறையும் லாபம்தான். டாக்டர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு என்னை வெளியே கூப்பிட்டார். சொல் மாறி வருகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது. “எங்க ஊர் மண்டிக்காரங்க ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க டாக்டர்” என்றேன். அவருக்கு அது விளக்கமாகப் படவில்லை. சரி என்று ஸ்கேனும் எடுத்தோம். வயதுக்கு உள்ளதைத் தவிர வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் அப்பா பில் எவ்வளவு என்று கேட்டார். பாதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, “மீதிய எவன் கட்டுனான்?” என்றார். ஸ்கேனைவிட அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படியால் தானியம் அளக்கும்போது முதல் படியை ‘லாபம்’ என்று சொல்லிக் கொட்டுவார்கள். அடுத்ததுதான் ரெண்டு. நெல் அளக்கும் களத்திலும் இந்த வழக்கம் உண்டு. வியாபாரத்தின் முதல் சொல் நல்ல சொல்லாக இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. பெரும்பாலானவர்கள் கடையை விட்டு இறங்கியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அப்பாவுக்குக் கடைக்கு வெளியே வேறு எண்கள் கிடையாது. மாத்திரையையும் மாடிப்படியையும் அப்படித்தான் எண்ணினார். தங்கச்சி கல்யாணத்தில் பந்திக்கு இலை போடும்போதும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா பிறந்தது 1931-ல், விருதுநகரில். அதற்குச் சில வருஷங்கள் முன்புவரை ஊருக்கு விருதுபட்டி என்று பேர். பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். காமராஜர் பிறந்த ஊர் என்று உலகத்துக்குத் தெரியும். எங்களுக்கு அது விலை பிறக்கிற ஊர். விருதுநகரில் எதுவும் பெரிதாக விளைவதில்லை. ஆனால் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய்க்கெல்லாம் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பேப்பரில் தனியாகப் போடுவார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் எங்கோ இருக்கும் ஒரு மளிகைக்கடைக்காரர் தன் விலைப்பலகையை அழித்து எழுதுவார்.

எட்டாவது முடித்ததும் 1944-ல் அப்பா ஒரு மண்டியில் கடைப்பையனாகச் சேர்ந்தார். யுத்த காலம், அரிசிக்கு ரேஷன். முதல் இரண்டு வருஷம் வேலை என்றால் கூட்டுவதும் சாக்குத் தைப்பதும்தான். பிறகு சிட்டை, அதாவது அன்றாடக் கணக்கு, எழுத விட்டார்கள். அப்புறம் பேரேடு என்கிற பெரிய கணக்குப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் படித்த மாகாணி வாய்பாடு அங்கேதான் பிழைப்பானது. பதினாறில் ஒரு பங்கு மாகாணி. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக, ஒரு ரூபாயில் மாகாணி என்றால் ஓர் அணா. வாய்பாடும் காசும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் அந்தப் பொருத்தம் போய்விட்டது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் காலுக்கு யார் பொறுப்பு? ஓர் அணா என்றால் ஆறு பைசா, மூன்று அணா என்றால் பத்தொன்பது பைசா என்று சர்க்கார் ஒரு பட்டியல் போட்டது. மூன்று தடவை ஓர் அணாவாகக் கொடுத்தால் பதினெட்டு, ஒரே தடவையாகக் கொடுத்தால் பத்தொன்பது! அந்த ஒரு பைசாவுக்காக நடந்த சண்டைகளை அப்பா அறுபது வருஷம் கழித்தும் சொல்லிச் சிரிப்பார்.

அதே 1957-ல்தான் சொந்த மண்டி போட்டார். வயது 26. நல்ல நாள் பார்த்தார்களா, நயா பைசா வந்த நாளைப் பார்த்தார்களா தெரியாது. இரண்டும் ஒன்றாகிவிட்டது. அடுத்த சில வருஷங்களில் வீசையும் போனது. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று மனதில் இருந்ததையெல்லாம் கிலோவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வீசை ஏறத்தாழ ஒரு கிலோ நானூறு கிராம். அப்பா பேரேட்டில் கிலோவாக எழுதினார், வாயால் வீசையாகப் பேசினார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எடையைச் சொன்னார்கள். “ரெண்டு வீசைக்குக் கொஞ்சம் மேல” என்றார் உடனே.

சங்கரலிங்கனாரைக்கூட அப்பா எடையாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார். 1956 ஜூலை 27-ல், இந்த ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைக்கச் சொல்லி ஒரு மனிதர் எங்கள் ஊரில் உண்ணாவிரதம் தொடங்கி, 76 நாள் கிடந்து, அக்டோபர் 13-ல் செத்துப்போனார். உண்ணாவிரதம் நடந்த தேசபந்து மைதானம் வழியாகத்தான் அப்பா ரயிலடிக்குச் சரக்கு ரசீதோடு போய்வருவார். அவர் அரசியல் பேசுகிறவர் அல்ல. இதைக் கேட்டால் மட்டும், “ஒரு நாளைக்கு நாலு பலம் குறைஞ்சாருன்னு வச்சாலும் ஏழரை வீசைக்கு மேல. ஒரு மனுசன்ட்ட அவ்வளவு எங்க இருக்கும்?” என்பார். சின்ன வயதில் எனக்கு அது கல்நெஞ்சாகத் தோன்றியது. எதைப் பற்றியாவது துக்கப்பட வேண்டுமென்றால் அப்பா முதலில் அதை எடை போட்டாக வேண்டும் என்பது பின்னால்தான் புரிந்தது.

1967-ல் காமராஜர் எங்கள் ஊரிலேயே, சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1285 ஓட்டில் தோற்றார். அன்று அப்பா கடையைத் திறந்தாராம், ஆனால் போணி பண்ணவில்லையாம். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, மண்டிக்கு வருகிறேன். மண்டி என்றால் பலரும் பெரிய கடை என்று நினைக்கிறார்கள். எங்களுடையது கமிஷன் மண்டி. கமுதி, பரமக்குடி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கமிருந்து சம்சாரிகள், அதாவது விவசாயிகள், வத்தல் கொண்டுவந்து இறக்குவார்கள். விளாத்திகுளம், அருப்புக்கோட்டைக் கரிசலில் இருந்து மல்லி. அதை விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வது. மாசி, பங்குனியில் வத்தல் வரத்து உச்சம். அந்த இரண்டு மாதமும் எங்கள் தெருவில் புதிதாக வருகிறவர்கள் தும்மாமல் நடக்க முடியாது. அதே பங்குனியில்தான் மாரியம்மன் கோயில் பொங்கலும். ஊரே பொருட்காட்சித் திடலில் இருக்கும். நாங்கள் மட்டும் அப்பா எப்போது கடை அடைப்பார் என்று திண்ணையில் காத்திருப்போம்.

அப்பா சாக்கைப் பார்ப்பது ஒரு தினுசு. மேலாக இருப்பதைத் தொடவே மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் இருப்பதை ஒரு பிடி எடுப்பார். காதருகே வைத்துக் குலுக்குவார். நன்றாகக் காய்ந்த வத்தலில் விதை கலகலக்கும். ஈரம் இருந்தால் சத்தம் வராது. உடையாமல் இருக்கவும் எடை நிற்கவும் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். அப்பாவிடம் அது நடக்காது. காம்பைக் கிள்ளி மோந்து பார்ப்பார். வெளுத்துப்போன சண்டு வத்தல் எத்தனைக்கு எத்தனை இருக்கும் என்று சொல்லிவிடுவார். மல்லியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஒரே ஒரு மூச்சு. போன வருஷத்துச் சரக்கா, மழையில் மாட்டியதா, எல்லாம் அந்த ஒரு மூச்சில். பிறகு தரகரின் கையைத் துண்டுக்குள் பிடித்துக்கொள்வார். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றியோ மகள் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நான் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது எல்லாமே நன்றாகத்தான் வரும். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாம்பிளுக்கு என்று எடுக்கிற கைப்பிடி வத்தல் திரும்பச் சாக்குக்குள் போகாது. மூலையில் விழும். பத்து வியாபாரி பத்துப் பிடி எடுத்தால், சாயங்காலம் மூலையில் ஒரு குவியல் நிற்கும். அது சம்சாரியின் சரக்கு. “இது மார்க்கெட் வழக்கம்” என்பார் அப்பா. காலேஜில் படிக்கிற திமிரில் ஒருநாள் இதைக் கேட்டேன். “நீ இப்ப சாப்பிட்ட கொழம்பு அந்தக் குவியல்தான்” என்றார். காம்பு கிள்ள வரும் பெண்களின் கூலியிலும் அப்பா தாராளமானவர் இல்லை. கிலோவுக்கு இத்தனை பைசா என்று பேசியதற்கு மேல் ஒரு பைசா நகராது. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார், கல்யாணத்துக்கு முன்னால் நின்று செய்வார், ஆனால் கூலி கூலிதான். கொடுப்பது வேறு, கணக்கு வேறு என்று அவர் ஒரு கோடு வைத்திருந்தார். அந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

இனி அம்மாவின் நகைக் கதை. எங்கள் வீட்டில் இது நாற்பது வருஷ வழக்கு.

அந்தக் காலத்தில் வத்தலுக்குப் பெரிய வாய் இலங்கைதான். தூத்துக்குடியில் தோணியில் ஏற்றினால் கொழும்புக்குப் போய்விடும். அப்பா தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் ஒருவருக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலு வருஷம் நன்றாக ஓடியதும் கமிஷனோடு நிற்காமல் சொந்தமாக வாங்கிக் கிட்டங்கியில், அதாவது குடோனில், அடுக்க ஆரம்பித்தார். இலங்கையில் 1970-ல் சிறிமாவோ பண்டாரநாயக்க மறுபடியும் பிரதமரானார். அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. உள்ளூரிலேயே விளைவித்துக்கொள்ளுங்கள் என்று மிளகாய், வெங்காயம் எல்லாவற்றின் இறக்குமதியையும் இறுக்கினார்கள். தூத்துக்குடிக்காரர் வாங்குவதை நிறுத்தினார். அப்பாவின் கிட்டங்கியில் சரக்கு. வத்தலுக்கு ஆயுசு கம்மி. மழைக்காலம் தாண்டினால் நிறம் கறுத்துவிடும். கறுத்தது. 1972-ல் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, அண்ணாச்சி மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போகிறார் என்று. திவாலுக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது.

“அவுக கேக்கவே இல்ல” என்பாள் அம்மா. “நானும் இந்தாங்கன்னு நீட்டல. பேரேட்டு மேல வச்சுட்டு வந்து அடுப்பப் பத்த வச்சேன்.” 11 பவுன்.

அப்பா அதை விற்றார், கடனைக் கட்ட ஆரம்பித்தார், மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை. இதுவரைக்கும் எல்லார் வீட்டிலும் நடக்கிற கதைதான். எங்கள் வீட்டில் நடந்தது அடுத்தது. பேரேட்டில் அம்மா பெயரில் ஒரு பக்கம் திறந்தார். விற்ற அன்றைய விலையில் 11 பவுனுக்கு எத்தனை ரூபாயோ அதை வரவு வைத்தார். வட்டி போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து, 1981-ல் கணக்கு முடிந்தது என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். கடைத்தெருவே மெச்சியது, கட்டின பெண்டாட்டிக்கே வட்டியோடு கொடுத்த மனுஷன் என்று.

அம்மா மெச்சவில்லை. “ஒங்கப்பா எங்கிட்ட பவுனா வாங்குனாக, ரூவாயாத் திருப்பிக் குடுத்தாக.” அந்த ஒன்பது வருஷத்தில் பவுன் ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். “அதுலயும் கடைத்தெருவுல எல்லாத்துக்கும் ஒரு ரூவா வட்டி, எனக்கு முக்கா ரூவா.” இதை அம்மா கோபமாகச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே, மருமகள்கள் வந்த பிறகு மருமகள்கள் முன்னாலும், சம்பந்திகள் முன்னாலும் சொல்வாள். அப்பா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

2014-ல் அம்மா போய்விட்டாள். அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் மூன்று பேரையும் வரச் சொன்னார். பழைய பேரேடு மடியில் இருந்தது. பக்கத்தில் ஒரு முழுத் தாளில் பென்சில் கணக்கு. 1972-லிருந்து 1981 வரை ஒவ்வொரு தவணை கொடுத்தபோதும் அன்றைக்குப் பவுன் என்ன விலை, அந்தத் தவணைக்கு எத்தனை பவுன் வந்திருக்கும் என்று வரிசையாகப் போட்டிருந்தார். வட்டியெல்லாம் சேர்த்தும் நாலரைப் பவுன்தான் தேறியது.

“ஒங்கம்மா கணக்குல பாக்கி இருக்கு. ஆறரைப் பவுன்” என்றார்.

தங்கச்சி அழுதாள். “இப்ப என்னத்துக்குப்பா இது?”

“தப்பா முடிச்சிருக்கேன் தாயி.”

வங்கியில் போட்டிருந்த பணத்தை எடுத்து, ஆறரைப் பவுன் வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்தார். அண்ணனும் நானும் அப்பாவைப் போலவே பேசாமல் இருந்தோம். 1981-ல் இழுத்த இரண்டு கோட்டுக்குக் கீழே 2015 தேதி போட்டு மறுபடி எழுதி, மறுபடி இரண்டு கோடு. அம்மா மேல் உள்ள பாசத்தில் செய்தார் என்று தங்கச்சி இன்றுவரை நம்புகிறாள். தப்பான ஒரு பதிவை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை என்பது என் எண்ணம். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை.

இலங்கை விஷயத்தில் இன்னொன்று. 1990-க்குப் பிறகு குல்லூர்சந்தை அகதி முகாமிலிருந்து சிலர் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்க வருவார்கள். அதில் யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். வத்தலைக் கையில் எடுத்த விதத்தைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார், இது விளைவித்த கை என்று. கேட்டதற்கு, “எழுபத்திரண்டு, எழுபத்துமூண்டில மிளகாய்க் காசிலதான் அண்ணை கல்வீடு கட்டினனான்” என்றிருக்கிறார். அப்பா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “நம்ம 11 பவுன் எங்க போச்சுன்னு இன்னைக்குப் பாத்துட்டேன்” என்றார். அந்தக் கல்வீடு இப்போது இருக்கிறதா என்று அப்பா கேட்டாராம். அவர் பதில் சொல்லாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டாராம். அந்தப் பெரியவருக்கு மட்டும் அப்பா கூலிக் கோட்டைத் தாண்டிக் கொடுத்தார் என்று கணக்கப்பிள்ளை ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். எந்தக் கணக்கில் எழுதினார் என்று அவருக்கும் தெரியவில்லை.

வருஷப் பிறப்பு எங்கள் வீட்டில் இரண்டு தடவை வரும். முன்பெல்லாம் வியாபாரிகள் தங்கள் கணக்கு வருஷத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குச் சித்திரை முதல் தேதிதான் புதுக்கணக்கு. பேரேட்டின் நாலு மூலைக்கும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’. 1989-ல் வருமான வரிக்காரர்கள் எல்லாருக்கும் மார்ச் 31 என்று ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏப்ரல் 1-ல் சர்க்காருக்கு ஒரு புதுக்கணக்கு, இரண்டு வாரம் கழித்துச் சாமிக்கு ஒரு புதுக்கணக்கு. ஆடிட்டர் கேட்டதற்கு, “நீங்க பாக்குறது ஒண்ணு, அவரு பாக்குறது ஒண்ணு” என்றாராம். அப்பா வாயிலிருந்து ‘ஒண்ணு’ வந்த அபூர்வமான சந்தர்ப்பம்.

2006-ல் அண்ணன் மண்டியை மூடிவிட்டான். மசாலாக் கம்பெனிகள் ஆட்களை நேராகக் குண்டூருக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டன. குளிர்பதனக் கிட்டங்கி வந்த பிறகு வத்தலின் ஆயுசு கூடிவிட்டது, கமிஷன் மண்டியின் ஆயுசு குறைந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் வாட் வரி வேறு வரப்போகிறது என்றார்கள். அப்பா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. தராசையும் எடைக்கற்களையும் மட்டும் விற்காதே என்றார். 20 கிலோ கல் அஞ்சு இருந்தது. கல்லின் குழிக்குள் ஈயம் வார்த்து அதன்மேல் சர்க்கார் முத்திரை குத்தியிருக்கும். அவை மாடிப்படிக்குக் கீழே இருந்தன, ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் சந்தனம் வாங்கிக்கொண்டு. அப்பா போன பிறகு அண்ணன் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டான். அவர் எடைக்கற்களை எலக்ட்ரானிக் தராசில் வைத்து எடை போட்டார். 100 கிலோ இருக்க வேண்டியது 99 சொச்சம்தான் இருந்தது. அதிலும் துருவுக்குக் கழிவு என்று ஒரு கிலோ தள்ளினார். அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். மூலையில் இருந்த சாம்பிள் குவியல் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

எங்கள் மூன்று பேருக்கும் சின்ன வயதில் அப்பாவைப் பற்றி ஒரு குறை உண்டு. அவர் எங்களைத் தூக்கியதே கிடையாது. மற்ற அப்பாக்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், கண்ணீரைத் துடைப்பார்கள். எங்கள் அப்பா வேலை நாளில் வீட்டுக்கு வந்தால் இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கியே வைத்திருப்பார். நாங்கள் ஓடிப்போனால் பின்னால் ஒரு எட்டு வைப்பார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த அன்றும் அப்படித்தான். கையை ஒதுக்கிக்கொண்டு, முழங்கையால் என் தோளை ஓர் இடி இடித்தார்.

கைக்குழந்தையாக இருந்த அண்ணனை ஒருநாள் கடையிலிருந்து வந்த கையோடு தூக்கிவிட்டாராம். குழந்தை கண்ணைக் கசக்கியிருக்கிறது. ராத்திரி முழுக்கக் கத்தல். கையைத் தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் வத்தல் காரம் போகாது. அது தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில்தான் கரையும். அன்றிலிருந்து முற்றத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் இருக்கும். வந்ததும் எண்ணெயைப் புறங்கை, நகக்கண் எல்லாம் தேய்ப்பார். பிறகு சீயக்காய். பிறகு மோர். இத்தனைக்குப் பிறகும் எங்கள் முகத்துப் பக்கம் கை வராது. நாற்பது வருஷம் முழங்கை வரை வத்தலில் விட்ட கை, அது எவ்வளவு தூரம் உள்ளே ஊறியிருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் கொஞ்சம் நம்பிக்கை வரும். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தன் விரலைத் தன் கண்ணோரத்திலேயே வைத்துப் பார்ப்பார். எரியவில்லை என்றால் தங்கச்சியை மடியில் வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் ‘ஞாயித்துக்கெழம அப்பா’ என்றே ஒருவர் உண்டு.

மண்டியை மூடிய பிறகு பிறந்தவள் அண்ணனின் பேத்தி. அவளைத் திங்கட்கிழமையும் தூக்கினார், வியாழக்கிழமையும் தூக்கினார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் இருந்தார். காலையில் பேப்பரில் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து, வத்தலையும் மல்லியையும் டைரியில் குறித்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால், “விலை தெரியாம எப்படி இருக்கிறது?” என்பார். கை நடுங்க ஆரம்பித்ததும் அவர் சொல்ல, நான் எழுதினேன். 2023 ஐப்பசியில் படுத்தார். மூன்று வாரம். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்துவிட்டது. கஞ்சி ஊட்டினால் ஒவ்வொரு கரண்டிக்கும் உதடு மட்டும் அசையும். நான் குனிந்து கேட்டேன். லாபம், ரெண்டு, மூணு. நாலாவதுக்கு மேல் போகவில்லை.

போவதற்கு முந்தின நாள் மத்தியானம். ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் விழுந்து, கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது. அப்போதுதான் அடுக்களையில் ஏதோ எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். துண்டு பக்கத்தில் இல்லை. விரலால் துடைக்கப் போனேன்.

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினார். உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

“கையக் கழுவுனியா?”